பென்டிரைவ் செருகினா லாக்ல வருமா? முதல்ல செருகி பாருங்க

ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். நான் மதுரை பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல ரொம்ப வருஷமா சிஸ்டம் அட்மினா இருக்கேன். உங்க பேப்பர்ல போன வாரம் கம்ப்யூட்டர் பக்கத்துல ஆபீஸ் டேட்டா பாதுகாப்பு பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்லல. ஆனா கடைசில லினக்ஸ் சர்வர் வச்சிருக்கவங்க மவுண்ட் லாக்க (டிஸ்க் மாட்டுறது கழட்டுறதோட பதிவ) ஆன் பண்ணி வச்சுட்டா போதும், யார் டிஸ்க் மாட்டினாலும் கழட்டினாலும் தெரிஞ்சுரும்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்ளோ பெரிய லெட்டர். தெரிஞ்சுரும்னு நம்பி ஒரு பையனோட வேலைய போக்கின இடத்துல நான் நின்னுருக்கேன், அதனால சும்மா இருக்க முடியல.

கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் படிப்பாங்கங்கறதால மொதல்ல இத சொல்லிடறேன். விண்டோஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ் தான் லினக்ஸ். அதுல ஒரு டிஸ்க்க கேபிள்ல சொருகினா மட்டும் அது வேலைக்கு ஆகாது, ஏதாவது ஒரு ஃபோல்டர்ல அத கொண்டுபோய் பூட்டணும், வண்டில மாட்ட பூட்டுற மாதிரி. பூட்டுறது மவுண்ட், அவுக்குறது அன்மவுண்ட். இதுல ஒரு வில்லங்கம் என்னன்னா மாட்ட அவுத்து விட்ட பிறகும் வண்டி அங்கேயே தான் நிக்கும், நீங்க பாட்டுக்கு மூட்டைய ஏத்திக்கிட்டே இருக்கலாம், யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. வண்டி தான் எங்கயும் போகாது. டிஸ்க்க அவுத்த பிறகும் அந்த காலி ஃபோல்டர் அப்படியே இருக்கும், அதுல ஃபைல் எழுதினா எரர் எதுவும் வராது, மெயின் டிஸ்க்ல போய் உக்காந்துக்கும்.

எங்களுக்கு நடந்தது இதே தான். 2019ல எங்க அட்மிஷன், ஃபீஸ் டேட்டாபேஸ் எல்லாம் சென்ட்ஓஎஸ் 7ங்கற ஒரு லினக்ஸ் சர்வர்ல ஓடிச்சு. பேக்கப்புக்கு ஒரு 2 டிபி யூஎஸ்பி டிஸ்க் வெளில தொங்கும். தினம் ராத்திரி ஸ்கிரிப்ட் ஓடி 4 ஜிபி சொச்சம் டம்ப், அதாவது டேட்டாபேஸோட முழு நகல், எடுத்து அந்த டிஸ்க் பூட்டியிருக்குற ஃபோல்டர்ல போடும். ஒரு நாள் காலைல ஃபீஸ் கவுன்ட்டர்ல இருந்து போன், ரசீது பிரிண்ட் ஆகலன்னு. போய் பாத்தா மெயின் டிஸ்க் நூறு சதவீதம் ஃபுல்லு. பதறிப்போய் இடம் பண்ணலாம்னு நான் மொதல்ல அழிச்சது எது தெரியுமா? பழைய லாக் ஃபைல்ங்கள. எந்த அட்மினா இருந்தாலும் அந்த நேரத்துல கை அங்க தான் போகும். கொஞ்சம் இடம் கிடைச்சு கவுன்ட்டர் ஓட ஆரம்பிச்ச பிறகு நிதானமா தேடினா பேக்கப் ஃபோல்டர்ல வரிசையா 11 டம்ப் இருக்கு, ஆனா டிஸ்க் அங்க பூட்டவே இல்ல. பதினொரு நாளா மாடு இல்லாத வண்டில மூட்டை ஏத்தியிருக்கோம்.

டிஸ்க்க எடுத்து பாத்தா அதுல கடைசியா இருந்த டம்போட தேதி தெரிஞ்சுச்சு, அப்ப அவுந்தது அதுக்கு அடுத்த நாள் பகல்ல. அன்னைக்கு சர்வர் ரூமுக்கு யார் போனாங்கன்னு வாட்ச்மேன் அண்ணனோட நோட்டுல பாத்தாங்க, காண்ட்ராக்ட்ல இருந்த ஒரு தம்பி பேரு இருந்துச்சு, ஏசி தண்ணி ஒழுகுதுன்னு பாக்க போனவன், உள்ள போன நேரம் வெளிய வந்த நேரம் எல்லாம் அழகா எழுதியிருந்துச்சு. அந்த நோட்டுல இருந்த அளவுக்கு கூட என் சர்வர்ல பதிவு இல்ல. கரஸ்பாண்டன்ட் சார் அவன கூப்பிட்டு நீ தான் கழட்டினியான்னு கேட்டாரு, அவன் இல்ல சார் நான் தொடவே இல்ல சார்னு சொல்லி என்னைய பாத்தான். அண்ணே நீங்களாவது சொல்லுங்கண்ணேன்னான். நான் என்னத்த சொல்ல, லாக் நான் தான அழிச்சேன். நாளைல இருந்து வர வேணாம்னு அனுப்பிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. டிஸ்க்க திரும்ப பூட்டுனப்ப லினக்ஸோட மையமான கெர்னல் ஒரு வரி போட்டுச்சு, ரெக்கவரி கம்ப்ளீட்னு, அது அப்ப கண்ணுல பட்டும் மண்டைல ஏறல. அந்த டிஸ்க்ல ஃபைல்ங்கள அடுக்கி வைக்கிற முறை ஈஎக்ஸ்டி4. அந்த ஃபைல்சிஸ்டத்த யாராவது முறையா கமாண்ட் போட்டு அவுத்தா அது தன்னோட ஜர்னல, அதாவது எழுத வேண்டியத குறிச்சு வைக்கிற குறிப்ப, எழுதி முடிச்சு, ரெக்கவரி தேவைங்கற குறிய எடுத்துட்டு தான் போகும், அடுத்த தடவை பூட்டும்போது இந்த வரி வராது. வந்துருக்குன்னா டிஸ்க் ஓடிக்கிட்டு இருக்கும்போதே அறுந்து போயிருக்கு, யாரும் கமாண்ட் போட்டு கழட்டல. சரி, அவன் கேபிள புடுங்கியிருக்கலாமேன்னு கரஸ்பாண்டன்ட் கேப்பாரு, அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல. மூணு வாரம் கழிச்சு, ரூம் பூட்டி சாவி என் பாக்கெட்ல இருக்குற நேரத்துல, என் கண்ணு முன்னாடி ஸ்கிரீன்ல யூஎஸ்பி டிஸ்கனெக்ட்னு வந்து டிஸ்க் அதுவா விழுந்துச்சு, ரெண்டு செகண்ட்ல வேற பேர்ல எழுந்துச்சு. அடாப்டர் லூசு. டிஸ்க் காணாம போனதும் சர்வீஸ்ங்கள எல்லாம் நடத்துற சிஸ்டம்டி அதுவா அந்த மவுண்ட்ட அவுத்து விட்டுருக்கு. திரும்ப வந்தப்ப எஸ்டிபிங்கற பேரு எஸ்டிசின்னு மாறிருச்சு, ஸ்டார்ட்அப் ஃபைல்ல நான் டிஸ்க்கோட மாறாத அடையாள நம்பரான யூயூஐடி போடாம டிவைஸ் பேரையே எழுதி வச்சிருந்ததால அது தேடின பேர்ல ஆள் இல்ல. தப்பு முழுக்க என்னுது. போய் சொன்னேன், சரி விடுங்க அவன் வேற எடத்துல சேந்துட்டானாம்னு சொன்னாரு. அவ்ளோ தான்.

அதுக்கு அப்பறம் தான் இந்த மவுண்ட் லாக் விஷயத்துல உக்காந்தேன். உக்காந்தா தான் தெரியுது, லாக்னு ஒண்ணு கிடையாது, அஞ்சாறு இடத்துல அஞ்சாறு விதமா அரைகுறையா இருக்கு.

பழைய காலத்துல எம்டேப்னு ஒரு ஃபைல் இருந்துச்சு, மவுண்ட் கமாண்டே ஒவ்வொரு தடவையும் அதுல எழுதும், அந்த ஃபைல் மாறுதான்னு பாத்தா போதும்னு எங்க சீனியருங்க சொல்லிக் குடுத்தாங்க. அதுலயே ஓட்டை, எழுதாம மவுண்ட் பண்றதுக்குன்னே ஒரு ஆப்ஷன் இருந்துச்சு. இப்ப அது ஃபைலே இல்ல, கெர்னல் காட்டுற பட்டியலுக்கு ஒரு லிங்க் அவ்ளோ தான். இப்ப என்ன பூட்டியிருக்குன்னு சொல்லும், நேத்து என்ன இருந்துச்சுன்னு அதுக்கு தெரியாது.

கெர்னல் லாக் இருக்கு. ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ்னு ரெண்டு ஃபைல்சிஸ்டமும் பூட்டும்போது ஒரு வரி போடும். எக்ஸ்எஃப்எஸ் அவுக்கும்போதும் சொல்லிட்டு தான் போகும், ஈஎக்ஸ்டி4 ரொம்ப வருஷம் சத்தமில்லாம போய்க்கிட்டு இருந்துச்சு, புது கெர்னல்ங்கள்ல தான் அவுக்குறதுக்கும் வரி வருது. ஆனா இதுல ஆள் பேரு இருக்காது. எந்த ஃபோல்டர்ல பூட்டினாங்கன்னு கூட இருக்காது, டிவைஸ் பேரு மட்டும் தான். ஒரு ஃபோல்டர இன்னொரு எடத்துல காட்டுற பைண்ட் மவுண்ட் பண்ணா ஒரு வரியும் வராது. சிஸ்டம்டிக்கு ஜர்னல்னு சொந்தமா ஒரு லாக் இருக்கு (ஈஎக்ஸ்டி4 ஜர்னல் வேற, இது வேற), சிஸ்டம்டி பூட்டினது அவுத்தது அதுல ஃபோல்டர் பேரோட நேரத்தோட வரும், அது பரவால்ல, ஆனா அங்கயும் யாருங்கறது இல்ல. அதோட சென்ட்ஓஎஸ் 7 மாதிரி சிஸ்டத்துல ஜர்னல் மெமரில தான் இருக்கும், ரீபூட் பண்ணா போச்சு, வார் லாக்ங்கற லாக் ஃபோல்டர் கீழ ஜர்னல்னு ஒரு ஃபோல்டர் உண்டாக்கி வச்சா தான் டிஸ்க்ல நிக்கும்.

யாருங்கறதுக்கு முக்கியமான வழி ஆடிட். புரோகிராம் கெர்னல்கிட்ட ஒரு வேலைய கேக்குறதுக்கு சிஸ்டம் கால்னு பேரு. நாம ரூல்ல சொல்ற சிஸ்டம் கால் நடந்தா லினக்ஸ் ஆடிட் டீமன், அதாவது பின்னாடி ஓடுற ஆடிட் சர்வீஸ், எழுதி வைக்கும், அதுல ஏயூஐடின்னு ஒரு நம்பர் வரும். அது தான் உயிர். நீங்க உங்க பேர்ல லாகின் ஆகி, அப்பறம் சூடோங்கற கமாண்ட் போட்டு முழு அதிகாரம் உள்ள ரூட்டா மாறி மவுண்ட் பண்ணாலும் அந்த நம்பர் மாறாது, மொதல்ல லாகின் ஆன ஆளோட ஐடியே ஒட்டிக்கிட்டு வரும். அருமையான விஷயம்.

அந்த கட்டுரைல லாக்க ஆன் பண்ணுங்கன்னு சொன்னது அனேகமா இந்த ஆடிட் ரூல தான். நெட்ல ஹார்டனிங் கைடு, அதாவது சர்வர பலப்படுத்துற வழிகாட்டின்னு தேடுனா எல்லா எடத்துலயும் ஒரே வரி தான் இருக்கும், ஒருத்தர பாத்து ஒருத்தர் ஒட்டினது. அந்த வரி தமிழ்ல சொல்றதுன்னா இது தான்: மவுண்ட்ங்கற சிஸ்டம் கால் நடந்தா எழுது, ஆனா ஏயூஐடி ஆயிரமோ அதுக்கு மேலயோ இருந்தா மட்டும், லாகினே ஆகாததா இருந்தா விட்டுரு. ஒரு சாதாரண யூசர் லாகின் ஆகி டெர்மினல்ல கமாண்ட் அடிக்கிறத பிடிக்கத்தான் அது எழுதினது, அந்த வேலைக்கு அது சரி. நம்மாளுங்க அத போட்டுட்டு எல்லாமே வருதுன்னு நினைச்சுக்கறாங்க, அங்க தான் பிரச்சனை.

எங்க லேப்ல ஒரு உபுண்டு லினக்ஸ் டெஸ்க்டாப்ல இந்த ரூல போட்டு ஒரு பென்டிரைவ செருகி பாத்தேன். ஜன்னல் தொறந்து ஃபைல்ங்க எல்லாம் வந்துருச்சு, நான் ரெண்டு ஃபைல் காப்பி கூட பண்ணேன். ஆடிட் லாக்ல தேடினா ஒண்ணுமே இல்ல. சுத்தம். காரணம் என்னன்னா டெஸ்க்டாப்ல பென்டிரைவ பூட்டுறது நீங்க இல்ல, பின்னாடி யூடிஸ்க்ஸ்னு ஒரு சர்வீஸ், அது மெஷின் ஆன் ஆகும்போதே ஓட ஆரம்பிக்கிறது, யாரும் லாகின் ஆகி ஓட்டினது கிடையாது. அதனால அதோட ஏயூஐடி 4294967295, அதாவது லாகின் ஆகாதவன்னு அர்த்தம், ரூல் அத விட்டுரு விட்டுருன்னு தான சொல்லுது, விட்டுருச்சு. எதுக்கு பயந்து ரூல் போட்டோமோ, ஒரு ஆள் பென்டிரைவ செருகி எடுத்துட்டு போறது, கரெக்ட்டா அது மட்டும் தான் லாக்ல வராது.

வேடிக்கை என்னன்னா அந்த யூடிஸ்க்ஸே ஜர்னல்ல தெளிவா எழுதி வச்சிருந்துச்சு, இன்ன டிவைஸ இன்ன ஃபோல்டர்ல பூட்டினேன், இன்ன யூசர் ஐடிக்காகன்னு. எஜெக்ட் குடுத்து எடுத்தா அதையும் எழுதுது. எஜெக்ட் குடுக்காம பட்டுனு புடுங்கினா டிவைஸ் காணோம், அதனால ஃபோல்டர தொடைச்சேன்னு வேற மாதிரி எழுதுது, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுது. அதுக்கு ரெண்டு வரி மேல பாத்தா கெர்னல் லாக்ல பென்டிரைவோட கம்பெனி நம்பர், மாடல் நம்பர், சீரியல் நம்பர் கூட இருக்கும், சில சைனா ஐட்டத்துல சீரியல் இருக்காது அது வேற. இத ரெண்டையும் சேத்து வச்சு படிச்சா ஆள், நேரம், பென்டிரைவ் மூணும் கைல. ஆடிட்ட விட இது நல்ல சாட்சி. யாரும் இத சொல்றதே இல்ல.

இன்னொண்ணு, எங்க காலேஜ்ல அப்ப எல்லாரும் ரூட் பாஸ்வேர்ட வச்சு நேரா ரூட்டாவே லாகின் ஆவோம். பாஸ்வேர்ட் மானிட்டர் பின்னாடி ஒட்டியிருக்கும், சிரிக்காதீங்க உங்க ஆபீஸ்லயும் எங்கயாவது ஒட்டியிருக்கும். நேரா ரூட்டா வந்தா ஏயூஐடி சைபர். ஆயிரத்துக்கு கீழ. அந்த ரூல் அதையும் விட்டுரும். ஃபில்டர எடுத்துட்டு எழுத வச்சாலும் சைபர்னு தான் வரும், அஞ்சு பேரும் சைபர், எந்த சைபர்னு யார கேக்குறது. ஆளுக்கு ஒரு லாகின் குடுத்து சூடோ போட வைக்காத வரைக்கும் எந்த லாக்கும் யாருன்னு சொல்லாது.

அந்த ரூல்ல அன்மவுண்ட் இல்லைங்கறத கவனிச்சீங்களா? மவுண்ட் ஒரு கால், அவுக்குறது வேற கால், யூமவுண்ட்2ன்னு பேரு, 64 பிட் இன்டெல் மெஷின்ல 165, 166ன்னு பக்கத்து பக்கத்து நம்பர், ஆனா ரூல்ல 165 மட்டும் தான். எங்க கேஸ்ல அவுந்தது தான விஷயமே. யூமவுண்ட்2 ரூல் போட்டா இன்னொரு லாபம் இருக்கு, அந்த ரெக்கார்ட்ல ரெண்டாவது ஆர்கியுமென்ட்ல 2ன்னு இருந்தா அது லேசி அன்மவுண்ட்ன்னு புரிஞ்சுக்கலாம். டிஸ்க் பிசின்னு வந்தா பொறுமையில்லாதவங்க போடுற கமாண்ட் அது, பட்டியல்ல இருந்து பேர உடனே எடுத்துரும், ஆனா உள்ள ஃபைல தொறந்து வச்சிருக்குற புரோகிராம் பாட்டுக்கு எழுதிக்கிட்டே இருக்கும். லாக்ல 10 மணிக்கு அவுத்தாச்சுன்னு இருக்கும், டிஸ்க்ல 11 மணிக்கு எழுதின டேட்டா இருக்கும், இது தெரியாதவங்க லாக்க திருத்திட்டாங்கன்னு சண்டைக்கு வருவாங்க.

அடுத்தது தான் பெரிய ஓட்டை, இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 2019ல வந்த லினக்ஸ் 5.2 கெர்னல்ல மவுண்ட் பண்றதுக்கே புதுசா ஒரு வழி கொண்டு வந்தாங்க, பழைய மாதிரி ஒரே காலா இல்லாம எஃப்எஸ்ஓப்பன், எஃப்எஸ்கான்ஃபிக், எஃப்எஸ்மவுண்ட், மூவ்மவுண்ட்னு துண்டு துண்டா. ஆரம்பத்துல மவுண்ட் கமாண்ட் அத தொடல, பழைய வழிலயே போய்ட்டு இருந்துச்சு, அதனால யாருக்கும் தெரியல. மவுண்ட் கமாண்ட் வர்ற யூட்டில் லினக்ஸ்ங்கற தொகுப்புல, 2023ல வந்த 2.39ல இருந்து அந்த கமாண்டே புது வழிக்கு மாறிருச்சு. டெபியன் 12ங்கற லினக்ஸ்ல 2.38, அதனால அங்க தப்பிச்சோம். உபுண்டு 24.04ல 2.39. அப்படின்னா என்ன ஆகுது, சர்வர 24.04க்கு ஏத்தின அன்னைல இருந்து ஒரு யூசர் டெர்மினல்ல உக்காந்து சூடோ மவுண்ட்னு நேரா அடிச்சா கூட அந்த பழைய ரூல்ல வராது, ஏன்னா 165ங்கற கால் நடக்கவே இல்லையே, நடந்தது 429ங்கற மூவ்மவுண்ட். ரூல் இருக்கு, டீமன் ஓடுது, ஆடிட்டர் வந்து பாத்து டிக் போட்டுட்டு போறாரு, உள்ள வெறும் காத்து. குறைஞ்சது மூவ்மவுண்ட்டயும் எஃப்எஸ்மவுண்ட்டயும் ரூல்ல சேக்கணும், 32 பிட் கால்களுக்கும் தனியா ஒரு வரி போடணும், இல்லன்னா அந்த சந்துல பூந்து போயிரலாம்.

இந்த 429 விஷயத்த எனக்கு போன்ல சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க, அந்த தம்பி தான். இப்ப சென்னைல ஒரு கம்பெனில சர்வர் டீம்ல இருக்கான். அண்ணே நம்ம பழைய ரூல் இனி வேலை செய்யாதுண்ணே, செக் பண்ணிக்கங்கன்னான். நம்மன்னு சொன்னான் பாருங்க.

ரூல்ல எல்லா காலையும் சேத்தாலும் சிக்காத ஒண்ணு இருக்கு. டிஸ்க்ல எரர் வந்தா ஈஎக்ஸ்டி4 அதுவாவே ரீட் ஒன்லி (படிக்க மட்டும், எழுத முடியாது) ஆயிரும், அப்படி செட்டிங் போட்டிருந்தா. அது யாரும் மவுண்ட் கமாண்ட் குடுத்து நடக்குறது இல்ல, கெர்னல் உள்ளுக்குள்ளயே குறிய மாத்திக்கும், சிஸ்டம் காலே கிடையாது, அதனால ஆடிட்ல வர்றதுக்கு வழியே இல்ல. கெர்னல் லாக்ல ரீமவுண்டிங் ரீட் ஒன்லின்னு ஒரு வரி வரும், அத ஒருத்தன் பாத்துக்கிட்டே இருக்கணும். அந்த லாக் ஃபைலும் அதே டிஸ்க்ல இருந்துச்சுன்னா, டிஸ்க் ரீட் ஒன்லி ஆயிருச்சுங்கற செய்திய எழுதவே இடம் இருக்காது. இத யோசிச்சு பாத்தா சிரிப்பு வரும், நடந்தா வராது.

அதனால தான் லாக்க வேற மெஷினுக்கு அனுப்பணும்ங்கறேன். அதுக்கு ஆர்சிஸ்லாக்னு ஒரு புரோகிராம் பெரும்பாலான லினக்ஸ் வகைகள்ல கிடைக்கும், ஒரு பழைய பிசிய மூலைல போட்டு அதுக்கு அனுப்பினா போதும், எங்க காலேஜ்ல ஓடுறது லேப்ல கழிச்சு போட்ட ஒரு பெட்டி தான். அன்னைக்கு அது இருந்திருந்தா நான் பதட்டத்துல வார் லாக்க அழிச்சும் அந்த டிஸ்கனெக்ட் வரி பத்திரமா இருந்திருக்கும்.

சட்டமும் இதத்தான் சொல்லுது. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுல எல்லா ஐடி சிஸ்டத்தோட லாக்கையும் 180 நாளைக்கு இந்தியாக்குள்ள பத்திரமா வச்சிருக்கணும்னு இருக்கு, கம்ப்யூட்டர் கடிகாரத்த என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) இல்லன்னா என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) டைம் சர்வரோட ஒத்துப்போக வைக்கணும்னும் இருக்கு. கடிகாரம் விஷயம் சின்னதா தெரியும், ஆனா வாட்ச்மேன் நோட்டுல 4.40, சர்வர்ல 4.25ன்னு இருந்தா எத நம்புறது? 180 நாளுக்கு கணக்கு போட்டு பாருங்க. நிறைய எடத்துல ஆடிட் டீமன் அப்படியே இன்ஸ்டால் பண்ண செட்டிங்ல தான் ஓடும், ஃபைலுக்கு 8 எம்பி, மொத்தம் 5 ஃபைல், அதுக்கு மேல போனா பழச அழிச்சுரும். 40 எம்பி. சும்மா இருக்குற சர்வர்ல அது பல மாசம் வரும். டாக்கர் (புரோகிராம்கள கன்டெய்னர்ங்கற தனித்தனி டப்பால ஓட்டுறது) ஓடுற சர்வர்ல ஃபில்டர் இல்லாம மவுண்ட் ரூல் போட்டா ஒவ்வொரு கன்டெய்னர் ஏறி இறங்கும்போதும் டஜன் கணக்குல மவுண்ட் நடக்கும், ரொம்ப சீக்கிரம் நெரம்பி பழசு போயிரும். உபுண்டுல ஸ்னாப் பேக்கேஜ் ஒவ்வொண்ணும் ஒரு மவுண்ட் வேற. ஆட்டோஎஃப்எஸ் வச்சு ஹோம் ஃபோல்டர் கொண்டு வர்ற லேப்ல ஸ்டூடண்ட் எழுந்து போன கொஞ்ச நேரத்துல அவுத்துரும், திரும்ப வந்து உக்காந்தா பூட்டும், நாள் பூரா இதே தான். இந்த சத்தத்துக்கு பயந்து தான் ஏயூஐடி ஃபில்டரே போட ஆரம்பிச்சாங்க, அது நியாயம் தான். ஆனா ஃபில்டர் போடறதா இருந்தா கன்டெய்னர் ஓட்டுற புரோகிராம மட்டும் பேர் சொல்லி ஒதுக்குங்க, லாகின் ஆகாத எல்லாத்தையும் ஒட்டுமொத்தமா ஒதுக்காதீங்க.

நான் இப்ப என்ன வச்சிருக்கேன்னா, ஆடிட் ரூல் ஒரு பக்கம், அதோட ஃபைன்ட்மவுண்ட்ங்கற கமாண்ட போல் ஆப்ஷனோட ஒரு சின்ன சர்வீஸா ஓட விட்டுருக்கேன். அது கெர்னலோட மவுண்ட் பட்டியல கண்ண இமைக்காம பாத்துக்கிட்டே இருக்கும், பூட்டினா, அவுத்தா, ரீமவுண்ட் பண்ணா, எடம் மாத்தினா ஒரு வரி எழுதும். எந்த சிஸ்டம் கால் வழியா வந்தாலும் அதுக்கு கவலை இல்ல, முடிவ தான பாக்குது. யாருன்னு சொல்லாது, அதுக்கு ஆடிட் இருக்கு, ஆடிட்ல வராம இதுல மட்டும் ஒண்ணு வந்தா ரூல்ல ஓட்டை இருக்குன்னு எனக்கு தெரிஞ்சுரும். கன்டெய்னர் உள்ள தனி நேம்ஸ்பேஸ்ல, அதாவது அதுக்குன்னு இருக்குற தனி மவுண்ட் பட்டியல்ல, நடக்குறது இதுக்கு தெரியாது, அது ஒரு குறை. 2025ல வந்த கெர்னல்ல ஃபேநோட்டிஃபைங்கற அறிவிப்பு வசதி வழியாவே மவுண்ட் சேர்றது பிரியறது ரெண்டுக்கும் அறிவிப்பு வர்ற மாதிரி பண்ணியிருக்காங்க, எங்க சர்வருக்கெல்லாம் அந்த கெர்னல் வர்றதுக்குள்ள நான் ரிட்டயர்டு ஆயிருவேன்.

லாக்க விட பெரிய உதவியா இருந்தது ரெண்டு சின்ன வேலை. பேக்கப் ஸ்கிரிப்ட்ல மொதல் வரியா மவுண்ட்பாயிண்ட்ங்கற கமாண்ட போட்டு டிஸ்க் பூட்டியிருக்கான்னு கேக்க வச்சேன், இல்லன்னா எழுதாம எனக்கு மெயில் போட்டுட்டு நின்னுரும். அப்பறம் டிஸ்க்க அவுத்துட்டு அந்த காலி ஃபோல்டருக்கு மாத்த முடியாதபடி சேட்டர் கமாண்ட்ல பூட்டு போட்டேன், இனிமே டிஸ்க் இல்லாம எவன் எழுத போனாலும், ரூட்டாவே இருந்தாலும், முடியாதுன்னு எரர் வரும். மாடு இல்லன்னா வண்டில மூட்டை ஏறாது. இந்த ரெண்டும் 2019லயே இருந்த கமாண்ட் தான், அஞ்சு நிமிஷ வேலை.

உங்க கட்டுரையாளர்கிட்ட நான் கேக்குறது ஒண்ணு தான். அடுத்த தடவை எழுதும்போது லாக்க ஆன் பண்ணுங்கன்னு நிறுத்தாம, ஆன் பண்ணிட்டு நாலு சோதனை பண்ண சொல்லுங்க. டெஸ்க்டாப்ல ஒரு பென்டிரைவ செருகி, எஜெக்ட் குடுக்காம புடுங்கணும். டெர்மினல்ல சூடோ போட்டு ஒரு டிஸ்க்க பூட்டி அவுக்கணும். ரூட்டா நேரா லாகின் ஆகி அதையே பண்ணணும். மெஷின ரீபூட் பண்ணி, முன்னாடி எழுதினது இன்னும் இருக்கான்னு பாக்கணும். எது லாக்ல வரலையோ அது உங்க ஓட்டை. ஓஎஸ் அப்கிரேட் பண்ண ஒவ்வொரு தடவையும் திரும்ப பண்ணணும், 429 கதை மாதிரி.

லெட்டர சுருக்கி போட்டாலும் பரவால்ல, அந்த தம்பி பத்தின பகுதிய மட்டும் வெட்டாதீங்க. என் பேரும் காலேஜ் பேரும் வேணாம், நான் இன்னும் அங்க தான் வேலை பாக்குறேன், கரஸ்பாண்டன்ட் சார் வீட்டுலயும் உங்க பேப்பர் தான் வாங்குறாங்க.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்,
மதுரை மாவட்டம்.